பவளத் துண்டை அளந்து வாங்கும் முறை

மீன் தொட்டிக்குப் பவளம் வாங்கப் புறப்படுகிறவர், பணத்தோடு ஒரு சிறிய அடிக்கோலையும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கும் எங்கள் ஏழெட்டுப் பேருக்குள் இந்தப் பழக்கம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பு நாங்களும் பவளத்தின் பெயரையும் நிறத்தையும் கேட்டு விலை பேசினோமே தவிர, அளவைக் கேட்டதில்லை. ஒரு காலத்தில் உள்ளங்கையை நிறைக்கும் பவளத்துக்குக் கொடுத்த பணத்தில் இன்று கட்டைவிரல் நகம் அளவு துண்டுதான் கிடைக்கிறது என்பதை உணர்வதற்குள், செம்பனைத் தோட்டச் சம்பளத்திலிருந்தும் சிறு கடை வருமானத்திலிருந்தும் மிச்சம் பிடித்த பல நூறு வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது. புதிதாகத் தொட்டி வைக்கும் தம்பி தங்கைகளுக்கு அந்த இழப்பு வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

விலை ஏறியதன் காரணங்களைத் தெரிந்துகொண்டால், எந்த ஏற்றம் தவிர்க்க முடியாதது, எது விற்பவர் தாமாகச் சேர்த்தது என்று பிரித்துப் பார்க்கலாம். உலகச் சந்தைக்குப் போகும் உயிர்ப்பவளத்தில் பெரும்பங்கை நம் அண்டை நாடான இந்தோனேசியாவே நீண்ட காலமாக அனுப்பி வந்தது. 2018-ஆம் ஆண்டு அந்நாட்டு மீன்வள அமைச்சு பவள ஏற்றுமதிக்கு வேண்டிய நலச்சான்றிதழ் வழங்குவதை நிறுத்தியது. 2020-இன் தொடக்கத்தில் மீண்டும் வழி திறந்தபோது, பண்ணை முறையில் வளர்த்த பவளத்துக்கே இடம் கிடைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் ஃபிஜித் தீவுகளும் ஏற்றுமதியை நிறுத்தின. பண்ணைப் பவளம் என்பது தாய்ப் பவளத்திலிருந்து வெட்டி, ஓர் அடித்தட்டில் ஒட்டி, சில மாதம் வளர்க்கப்பட்ட துண்டு என்பதால், கடலிலிருந்து பெயர்த்தெடுத்த பழைய பெரும் பவளங்களைவிட அது சிறியதாகவே இருக்கும். கடலை நேசிக்கும் எவரும் இந்த மாற்றத்தைக் குறை சொல்ல மாட்டார், நானும் சொல்லவில்லை.

இதோடு வானூர்திக் கட்டணம் சேர்கிறது. ஒவ்வொரு பையிலும் பவளத்தைவிட நீரே கூடுதலாக இருக்கிறது, கட்டணமோ எடைக்கு. ரிங்கிட்டின் மதிப்பும் காரணம். 2014-இன் நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 3.20 ரிங்கிட் கொடுத்த நாம், 2024-இன் தொடக்கத்தில் 4.70-க்கும் மேல் கொடுத்தோம். டாலர் விலையில் எந்த மாற்றமும் இல்லாத பவளம்கூட அந்தக் காலத்தில் நம் கையில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிட்டது. இவற்றையெல்லாம் கடைக்காரர் மாற்ற முடியாது. ஆனால் ஒரு தாய்ப் பவளத்தைப் பத்துத் துண்டாக வெட்டுவதா, முப்பது துண்டாக வெட்டுவதா என்பதை வெட்டுகிறவரே முடிவு செய்கிறார். விலைச்சீட்டில் தெரியாத ஏற்றம் அங்கேதான் நடக்கிறது.

நகைக்கடையில் சங்கிலியின் அழகை மட்டும் பார்த்து நாம் பணம் கொடுப்பதில்லை. எடை என்ன, சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று கேட்ட பிறகே பையைத் திறக்கிறோம். பவளத்துக்கும் அதே கேள்விகள் உண்டு. மொன்டிபோரா, சைஃபாஸ்ட்ரியா போலப் பாறைமேல் படர்ந்து வளரும் வகைகளுக்கு உயிருள்ள தசையின் பரப்பளவுதான் எடை. அடித்தட்டின் அகலத்தை அளக்க வேண்டாம். தட்டின்மேல் தசை மூடியிருக்கும் பகுதியை மட்டும் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்து, சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, மீண்டும் 0.8-ஆல் பெருக்கினால் பரப்பளவு ஏறக்குறைய வந்துவிடும். விலையை அதனால் வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை வெள்ளி என்று தெரியும்.

எடுத்துக்காட்டாக மூன்று துண்டுகளை வைத்துக் கணக்குப் போடுவோம். 1 சென்டிமீட்டர் அகலமுள்ள துண்டு 35 வெள்ளி, 2 சென்டிமீட்டர் துண்டு 60 வெள்ளி, 4 சென்டிமீட்டர் துண்டு 150 வெள்ளி என்று கொள்வோம். முதல் துண்டின் பரப்பளவு 0.8 சதுர சென்டிமீட்டர், இரண்டாவது 3.2, மூன்றாவது 12.8. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு முதல் துண்டு ஏறத்தாழ 44 வெள்ளி, இரண்டாவது 19 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு, மூன்றாவது 12 வெள்ளிக்குள். கையில் காசு குறைவாக இருப்பவர் மலிவு என்று நினைத்து எடுக்கும் 35 வெள்ளித் துண்டுதான் மூன்றிலும் விலை உயர்ந்தது. அகலம் பாதியாகக் குறையும்போது தசை கால் பங்காகக் குறைகிறது என்பதைக் கண் எளிதில் பிடிப்பதில்லை.

காத்திருக்கும் காலத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். விளிம்பு மாதத்துக்கு 1 மில்லிமீட்டர் முன்னேறும் ஒரு பவளம் 1 சென்டிமீட்டரிலிருந்து 2 சென்டிமீட்டர் அகலமாவதற்கு ஐந்து மாதம் எடுக்கும். அந்த ஐந்து மாத விளக்குச் செலவும் உப்புச் செலவும் உங்களுடையவை. அதற்குள் ஒரு நத்தை தட்டிவிட்டாலோ, பாசி ஓரத்தில் ஏறிவிட்டாலோ, சிறிய துண்டில் மிஞ்சுவதற்குத் தசை இருக்காது. பெரிய துண்டு ஒரு மூலையை இழந்தாலும் மீண்டு வரும். இதைத்தான் நான் பவளத்தின் சேதாரம் என்கிறேன்.

சில விற்பனையாளர்கள், சிறு துண்டுதான் வேகமாக வளரும், அறிவியலே அப்படிச் சொல்கிறது என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஃபுளோரிடாவின் மோட் கடல் ஆய்வகத்தில் டேவிட் வாகன் என்ற அறிவியலாளர், மெதுவாக வளரும் பாறைப் பவளங்களை மிகச் சிறிய துண்டுகளாக வெட்டினால் அவை வியப்பூட்டும் வேகத்தில் படர்வதைக் கண்டார். இன்று கடல் மீட்புப் பணிக்கே அம்முறை பயன்படுகிறது. ஆனால் அங்கே பயிற்சி பெற்றவர்கள் தொடர்ந்து பாசி துடைத்துப் பராமரிக்கிறார்கள். வேலை முடிந்து மாலையில் மட்டும் தொட்டியைப் பார்க்கும் நமக்கு அந்த வாதம் பொருந்தாது.

நீண்ட விரல் போன்ற தசை ஆடும் டார்ச், ஹேமர் வகைப் பவளங்களைத் தலைக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள். தனி வாயும், தனக்கென்று சுண்ணாம்புச் சுவரும் உள்ளதே ஒரு தலை. ஓரத்தில் முளைத்திருக்கும் மொட்டு தலையாகப் பல மாதம் ஆகலாம், ஆகாமலும் போகலாம். இரண்டு தலை என்று சொல்லி எனக்கு அனுப்பப்பட்ட ஒரு டார்ச் பவளத்தில் இரண்டாவது தலை பச்சைப்பயறு அளவு மொட்டாகத்தான் இருந்தது, பணம் திரும்பவில்லை. அன்று முதல், விளக்கு அணைந்து தசை சுருங்கிய நேரத்தில் எடுத்த படத்தையும் கேட்கிறேன். நீர் குடித்து ஊதிய தசை, இருப்பதைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும். அளக்க வேண்டியது எலும்புக்கூட்டின் வாய்ப்புறத்தை. தசைக்குக் கீழே குறைந்தது 2 சென்டிமீட்டர் தண்டும் இருக்க வேண்டும். தசையை ஒட்டி வெட்டியிருந்தால் அழுகல் மேலேறும்.

சிறு பூக்கள்போலக் கூட்டமாக வளரும் சோவா வகைக்கு அந்தப் பூக்களை, அதாவது பாலிப்புகளை, எண்ணுங்கள். ஐந்துக்குக் குறைந்தால் நான் வாங்குவதில்லை. கிளைவிட்டு வளரும் அக்ரோபோரா என்றால் உயரம் 2.5 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், அடிப்பகுதி தட்டில் படர்ந்து பிடித்திருக்க வேண்டும். காளான் பவளத்துக்கு மட்டும் இந்தக் கண்டிப்பு தேவையில்லை. நல்ல நிலையில் உள்ள ஒரே ஒரு காளான் போதும், அது தானே பெருகும். முதல் தொட்டிக்கு அதையே பரிந்துரைப்பேன்.

கோலாலம்பூரிலிருந்து கூரியரில் வரவழைப்பவர்கள் படத்தை நம்பியே பணம் கட்டுகிறார்கள். நீல விளக்கின் கீழ் எடுத்த படத்தில் சாதாரணப் பச்சையும் ஒளிரும். ஆகவே வெள்ளை விளக்கின் கீழ், பக்கத்தில் அடிக்கோல் வைத்து, அன்றே எடுத்த படம் ஒன்று வேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார். படத்தில் இருக்கும் அதே துண்டுதான் வருமா, மாதிரிப் படமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என்று வெட்டியது என்பது அடுத்த கேள்வி. வெட்டிய ஓரம் வெள்ளையாக எலும்பு தெரிய இருந்தால் அது நேற்றைய வெட்டு. ஓரத்தைத் தசை மூடும் வரை இரண்டு மூன்று வாரம் கடையிலேயே வைத்திருக்கச் சொல்லி முன்பணம் கொடுப்பது நல்லது. கவர்ச்சியான வணிகப் பெயர்களுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். ஒரே பவளம் இரண்டு கடைகளில் இரண்டு பெயரில் விற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஈப்போவிலிருந்து நமக்கு அரை மணி நேரப் பயணம்தான் என்றாலும், நிறுத்திய வண்டியில் பையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்த பிறகு, பவளக் குளியல் மருந்தில், புட்டியில் எழுதியுள்ள நேரம் மட்டும் வையுங்கள். மருந்து தட்டைப்புழுவைக் கொல்லும். அதன் முட்டையைக் கொல்லாது. அதனால் கடையின் அடித்தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிய தட்டில் ஜெல் வகை சூப்பர் குளூ கொண்டு ஒட்டுவதே பாதுகாப்பு. முதல் இரண்டு வாரம் மங்கலான இடத்தில் வைத்து, பிறகு மெல்ல வெளிச்சத்துக்கு ஏற்றுங்கள்.

விலை கொடுத்து வாங்கிய தசையைக் காப்பது நீரின் நிலைத்தன்மை. உப்புச் செறிவு ஆயிரத்துக்கு 35 பங்கு, காரத்தன்மை 8 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) அளவில், கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மெக்னீசியம் 1300 மில்லிகிராம் ஆகியவை கடல்நீரை ஒட்டிய அளவுகள். இவற்றில் காரத்தன்மை நாளுக்கு நாள் ஏறி இறங்காமல் இருப்பது மிக முக்கியம். தகரக் கூரை வீடுகளில் பிற்பகல் வெப்பம் தொட்டியை 30 பாகைக்கு மேல் கொண்டுபோகும். குளிரூட்டி வாங்க முடியாதவர் நீர்ப்பரப்பின்மேல் விசிறி வைத்தால் இரண்டு மூன்று பாகை குறையும். ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரை அன்றாடம் ஊற்ற வேண்டும். குழாய்நீரை அப்படியே ஊற்றாமல் ஆர்ஓ வடிகட்டி நீரையே பயன்படுத்துங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் விலை கனமாகவே இருக்கும். எங்களுக்கு உதவியது கூட்டாக வாங்குவதுதான். நான்கு பேர் பணம் போட்டு 12 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தாய்ப் பவளத்தை வாங்கி, தொட்டி மிக நிலையாக உள்ள அண்ணன் ஒருவரிடம் மூன்று மாதம் வளரவிட்டு, பிறகு வெட்டிப் பகிர்கிறோம். கிளை வகை டார்ச், ஹேமரைத் தண்டில்தான் வெட்ட வேண்டும். தசையில் வெட்டும் சக்கரம் படக் கூடாது. சோவா வகையை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அவற்றில் சிலவற்றில் உள்ள பாலிடாக்சின் கொடிய நஞ்சு. கண்ணில் தெறித்தாலோ, காயத்தில் பட்டாலோ மருத்துவமனைதான். அவை ஒட்டியிருக்கும் பாறையைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யவே கூடாது, ஆவியோடு நஞ்சு மூச்சில் ஏறும்.

விலை தாளாமல் கடலிலிருந்து எடுத்து வரலாமே என்று இளைஞர் சிலர் கேட்கிறார்கள். தியோமான், ரெடாங், பாயார் போன்ற கடல் பூங்காக்களில் பவளத்தை எடுப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். கல் பவளங்கள் அனைத்தும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளதால், உரிமமின்றி வேறு நாட்டிலிருந்து கொண்டுவருவதும் குற்றம். 2010-இல் கடல்நீர் சூடாகிப் பவளங்கள் நிறமிழந்து வெளுத்தபோது நம் நாட்டு முக்குளிப்பு இடங்கள் சில மூடப்பட்டன. 2024-இல் உலகளவில் மீண்டும் வெளுப்பு அறிவிக்கப்பட்டது. அந்தக் கடலில் கை வைக்க வேண்டாம்.

பகிர்ந்த ஒவ்வொரு துண்டின் அகலத்தையும் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறோம். யாருக்கு எது எங்கே இருக்கிறது என்பதும் அதில் இருக்கும். சென்ற ஆண்டு இடிமழையில் இரவு முழுதும் மின்சாரம் நின்று என் தொட்டி செத்தபோது, நான் 2022-இல் ஒரே தலையாகக் கொடுத்த பச்சை ஹேமர், கடைத்தெரு அண்ணனின் தொட்டியில் ஏழு தலையாக இருந்தது. அவர் மூன்று தலைகளை வெட்டிக் கொடுத்தார். அளந்து, தேதி போட்டு, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.