கோடைப் பிற்பகலிலும் கணினி தாங்குமா? சுமைச் சோதனை செய்யும் முறை

புதிதாகப் பொருத்திய கணினியைச் சோதிப்பவர்களில் பலர், கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து, குளிரூட்டிய அறையில் பத்து நிமிடம் ஏதேனும் ஒரு மென்பொருளை ஓடவிட்டு, திரை உறையவில்லை என்றதும் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அந்தச் சோதனை அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டுமே சான்று. அதே கணினி பிறகு மேசையின் அடியறைக்குள் தள்ளப்பட்டு, மே மாதப் பிற்பகலில், சீலிங் ஃபேன் மட்டும் சுழலும் அறையில், மணிக்கணக்கில் காணொளி தொகுக்க வேண்டியிருக்கும். எனவே எந்தச் சூழலில் அது உழைக்கப் போகிறதோ, அந்தச் சூழலிலேயே அதைச் சோதிக்க வேண்டும்.

தொடங்குமுன் முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். கணினியைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளான பயாஸைப் புதுப்பித்து, ரேமை அதன் அறிவிக்கப்பட்ட கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அன்றாடம் எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்களோ அப்படியே வையுங்கள். பக்கத் தகட்டை மூடி, கணினியை அதன் வழக்கமான இடத்தில் வைத்த பிறகு, காற்று உள்ளே நுழையும் முன்புறத்தில் சாதாரண அறை வெப்பமானி ஒன்றை வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஓர் எண் இல்லாமல் மற்ற வெப்பநிலை எண்களுக்குப் பொருளில்லை. ஃபேன்கள் ஏற்கெனவே முழு வேகத்தில் சுழன்று, சுமையும் மாறாதிருந்தால், அறையின் வெப்பம் எவ்வளவு உயருகிறதோ ஏறக்குறைய அவ்வளவே உள்ளிருக்கும் பாகங்களின் வெப்பமும் உயரும்: 26 டிகிரி அறையில் 80 டிகிரி காட்டிய பாகம், 38 டிகிரி அறையில் 92-ஐ நெருங்கும். விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ64 போன்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து, அளவுகள் கோப்பில் பதிவாகும்படி செய்துவிடுங்கள்; கணினி திடீரென அணைந்துவிட்டால், கடைசி நொடிகளில் என்ன நடந்தது என்பதை அந்தப் பதிவுதான் சொல்லும்.

முதலில் ரேமைச் சோதிக்க வேண்டும். பழுதான ரேம் மற்ற எல்லாச் சோதனைகளின் முடிவையும் குழப்பிவிடும் என்பதோடு, கோப்புகளையும் சத்தமில்லாமல் சிதைத்துவிடும். மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். இங்கே ஒரே ஒரு பிழை தென்பட்டாலும் அது தோல்விதான். பிழை வந்தால் எக்ஸ்எம்பியை நிறுத்திவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். அப்போதும் வந்தால், ரேம் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துப் பழுதானதைக் கண்டுபிடிக்கலாம்.

அடுத்தது செயலி. பிரைம்95, 1996-இல் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடல் திட்டத்துக்காக எழுதப்பட்ட மென்பொருள். அது செயலியைச் சூடாக்குவதோடு நில்லாமல், தான் கணக்கிட்ட விடை சரிதானா என்பதையும் சரிபார்த்துக்கொண்டே போகும். கணினி வெளியே நலமாகத் தோன்றும்போதே உள்ளே கணக்குத் தவறுவதை அது பிடித்துவிடுவதற்குக் காரணம் இதுதான். இன்டெலின் ஸ்கைலேக் செயலிகளில் இருந்த ஒரு குறையும் இந்த மென்பொருளை ஓட்டியவர்கள் மூலமாகவே வெளிப்பட்டது. 2016 ஜனவரியில் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியே திருத்தம் வழங்கியது. பிரைம்95-இன் ‘ஸ்மால் எஃப்எஃப்டி’ தேர்வு வெப்பத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகும். அரை மணி நேரத்தில் வெப்பநிலை ஒரு நிலைக்கு வந்துவிடும். அதன் பிறகும் ஒரு மணி நேரமாவது ஓடட்டும்.

இங்கே பலர் வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்துப் பதறுகிறார்கள். ரைசன் 7000 வரிசைச் செயலிகள் பல, கடும் சுமையில் 95 டிகிரி வரை செல்லும்படியே வடிவமைக்கப்பட்டவை. அந்த எல்லையைத் தொட்டதும் அவை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே வெப்பநிலையைவிட, அந்த வெப்பத்தில் செயலி எத்தனை கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்பதே முக்கியம். உற்பத்தியாளர் அறிவித்த அடிப்படை வேகத்துக்கும் கீழே அது இறங்கினால், குளிர்விப்பான் போதவில்லை, அல்லது காற்றோட்டம் அடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

முழுச் சுமையைத் தாங்கிய கணினி எதையும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகளான கோர்கள் எல்லாமே உழைக்கும்போது, செயலி தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் சற்றுக் குறைத்தே வைத்திருக்கும். ஓரிரு கோர்கள் மட்டும் உழைக்கும்போதுதான் இரண்டும் உச்சத்துக்குப் போகும். உலாவியில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது உறைந்துபோகும் கணினி, பிரைம்95-ஐ இரவு முழுக்கத் தாங்கியதாகவும் இருக்கலாம். எனவே ஒவ்வொரு கோராகச் சுமையை மாற்றி மாற்றி ஏற்றும் கோர்சைக்ளர் போன்ற கருவியையும் ஓட்டுங்கள். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகளில் எழுந்த நிலைகுலைவுக்கு மிகையான மின்னழுத்தமே காரணம் என்று 2024-இல் அந்நிறுவனம் அறிவித்தது. பல பயனர்களுக்கு அதன் முதல் அறிகுறி, விளையாட்டு தொடங்கும்போது கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று வந்த செய்திதான். குற்றவாளி செயலி, பழி கிராபிக்ஸ் கார்டின் மேல்!

கணினியின் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க, செயலிக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரே நேரத்தில் சுமை ஏற்ற வேண்டும். ஃபர்மார்க் என்ற மென்பொருள் கிராபிக்ஸ் கார்டுக்குச் சீரான, கடுமையான சுமையைத் தரும். ஆனால் உண்மையான விளையாட்டுகளில் கார்டின் மின்தேவை நொடிக்குள் பலமுறை ஏறி இறங்கும். கணினி மின்வழங்கிகளுக்கான ஏடிஎக்ஸ் 3.0 வரையறை, மின்வழங்கி தன் அளவைப் போல இருமடங்கு தேவையை 100 மைக்ரோநொடி வரை தாங்க வேண்டும் என்று சொல்வதே இதனால்தான். எனவே ஃபர்மார்க்கை அரை மணி நேரம் ஓட்டியபின், கனமான ஒரு விளையாட்டையும் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் பிழையைச் சொல்லும் நீலத்திரைகூட வராமல் கணினி பட்டென்று அணைந்தால், முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மீது விழ வேண்டும்.

யுபிஎஸ் இருந்தால் அதையும் சேர்த்தே சோதியுங்கள். 600 விஏ என்று விற்கப்படும் பல யுபிஎஸ்கள் 360 வாட்தான் தரும். கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு அது போதாமல் போகலாம். கோப்புகளை மூடி, சுமையை ஏற்றிவிட்டு, சுவரிலுள்ள சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். எர்த் இணைப்பும் சேர்ந்து அறுந்துவிடும். முழுச் சுமையில் இதைச் செய்து பார்க்காத யுபிஎஸ்ஸை நம்பி நான் ஒரு வேலையையும் தொடங்கமாட்டேன்.

எஸ்எஸ்டிக்கு, அதன் காலியிடத்தில் பாதியை நிரப்பும் பெரிய கோப்பு ஒன்றை எழுதி, அதன் செக்சத்தை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) மூலக் கோப்பின் செக்சத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

எல்லாம் முடிந்ததும் விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் ‘வீயா-லாகர்’ (WHEA-Logger) என்ற பெயரில் பதிவுகள் உள்ளனவா என்று தேடுங்கள். கணினி ஒருமுறைகூட நிற்காமலே, திருத்திக்கொள்ளப்பட்ட வன்பொருள் பிழைகள் அங்கே பதிவாகியிருக்கக்கூடும். பழுது தெரிந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே அறை வெப்பத்தில் அதே சோதனையை மீண்டும் ஓட்டுங்கள். பயாஸைப் பின்னாளில் புதுப்பிக்கும்போது எக்ஸ்எம்பி, ஃபேன் வேக அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடக்கூடும் என்பதால், அவற்றைச் சரிசெய்துவிட்டு ரேம் சோதனையை மட்டுமாவது மறுபடியும் செய்யுங்கள்.