ஊட்டச்சத்தியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தயாராவது எப்படி?

ஊட்டச்சத்தியலில் முனைவர் பட்டம் பெற விரும்புவோர் பெரும்பாலும் தலைப்பைத்தான் முதலில் தேடுகிறார்கள். எதை, எந்த முறையில், யாரிடம் அளக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்வதே நல்லது என்பது என் கருத்து.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வை இத்துறையினர் மனையியல் பாடத்தில் எழுதுவது வழக்கம். ஆய்வுக்காலம் குறைந்தது 3 ஆண்டுகள்.

கோவை அவினாசிலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் மனையியலுக்குப் பெயர்பெற்றது, அது மகளிருக்கானது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் நம் குன்னூரில், வைட்டமின் பி1 குறைபாட்டால் வரும் பெரிபெரி நோயை ஆராயும் சிறு பிரிவாகத் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. எங்கு சேர்ந்தாலும், பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்க முடியும் என்பதால், இடம் காலியாக உள்ளதா என்று விசாரித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

இனி அளவீட்டுக்கு வருவோம். வளரிளம் பெண்களின் இரும்புச்சத்து நிலையை ஆராய்வதாகக் கொள்வோம். ஹீமோகுளோபினை மட்டும் அளந்தால் இரத்தசோகை தெரியும், காரணம் தெரியாது; உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்னும் புரதத்தையும் அளக்க வேண்டும். உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் உயர்ந்து, குறைபாட்டை மறைத்துவிடும் என்பதால் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். இதற்கான செலவை முன்பே கணக்கிடாதவர்கள் பாதி வழியில் திட்டத்தைச் சுருக்க நேரிடும்.

முந்தைய 24 மணி நேரத்தில் உண்டதைக் கேட்டுப் பதிவது இன்னும் நுட்பமான வேலை. “இரண்டு கரண்டி சாம்பார்” என்று ஒருவர் சொன்னால், அந்த வீட்டுக் கரண்டியையே வாங்கித் தண்ணீர் நிரப்பி, அளவுக்குவளையில் ஊற்றி மில்லிலிட்டரில் குறித்துக்கொள்ளுங்கள்; கரண்டி வீட்டுக்கு வீடு மாறும். சமைத்த சோற்றின் எடையை அரிசியின் எடையாக மாற்றிய பிறகே, 528 உணவுப் பொருள்களைக் கொண்ட 2017ஆம் ஆண்டு இந்திய உணவுச் சத்து அட்டவணையில் பொருத்திப் பார்க்க வேண்டும். மாலையில் குடித்த தேநீரையும் தவறாமல் கேளுங்கள். அது இரும்புச்சத்து உட்கிரகிப்பைக் குறைக்கும், பலரும் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சொல்வதில்லை.

உறவினர், அண்டை வீட்டார் எனத் தெரிந்த பத்து வீடுகளில் இந்தக் கேள்விமுறையை ஒத்திகை பார்த்து, வினாநிரலைத் திருத்தி, நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதலுக்கு அனுப்புங்கள். ஒப்புதல் கைக்கு வரும்வரை இரத்த மாதிரி எதையும் எடுக்கக் கூடாது.