ஆங்கிலச் சொல்வகைகள்: ஒப்பிப்பதில் தொடங்கும் தவறுகள்

வேலூர், காட்பாடிப் பக்கம் மாலை டியூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம் ஆங்கிலச் சொல்வகைகளைக் கேட்டால், நௌன் முதல் இன்டர்ஜெக்ஷன் வரை எட்டையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இதில் இந்தச் சொல் எந்த வகை என்று கேட்டால்தான் தடுமாற்றம் தொடங்கும். ஒரு சொல்லுக்கு ஒரே வகைதான் என்று நம்பிப் படிப்பது முதல் தவறு. ஆங்கிலத்தில் பல சொற்களின் வகையை, வாக்கியத்தில் அவை நிற்கும் இடமும் செய்யும் வேலையுமே முடிவு செய்கின்றன.

பேரணாம்பட்டிலிருந்து வந்த மாணவன் ஒருவன், 'ஹைட்' என்பது வெர்ப் மட்டுமே என்று சாதித்தான். ஒளிந்துகொள்வது என்ற பொருளில்தான் அவன் அதைப் படித்திருந்தான். அவன் ஊர் டேனரிகளில் லாரியிலிருந்து இறங்கும் மாட்டுத்தோலுக்கும் அதே பெயர்தான் என்றதும் சிரித்துவிட்டான். அந்தத் தோல் கெடாமலிருக்கத் தூவும் 'சால்ட்' நௌன். 'வீ சால்ட் த ஹைட்ஸ்' என்னும்போது அதுவே வெர்ப். கோடைக்காலப் பாலாற்றைச் சொல்லும் 'ட்ரை' அட்ஜெக்டிவ், தோலை வெயிலில் உலர்த்துவதைச் சொல்லும் 'ட்ரை' வெர்ப். 'ஹைட்ஸ்' என்பதன் கடைசி எழுத்தை மட்டும் பார்த்தால் அது பன்மை நௌனா, 'ஹீ ஹைட்ஸ்' என்பதில் வரும் வெர்ப்பா என்று தெரியாது. முன்னால் 'த' நிற்கிறதா, 'ஹீ' நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

'லெதர் பேக்' என்பதில் 'லெதர்' அட்ஜெக்டிவ் என்று எழுதுவதும் இதே இனத்துத் தவறுதான். அது இன்னொரு நௌனுக்கு முன்னால் நிற்கும் நௌன். 'வெரி பிக்' என்று சொல்ல முடிகிறது, 'வெரி லெதர்' என்று சொல்ல முடிவதில்லை. ஆம்பூர் பிரியாணியில் வரும் ஆம்பூரும் அப்படித்தான்.

தமிழைத் துணைக்கு அழைப்பதில் தவறில்லை. அளவறியாமல் அழைப்பதுதான் ஆபத்து. 'அழகான' என்பது அட்ஜெக்டிவ், 'அழகாக' என்பது அட்வெர்ப் என்று சொல்லிக் கொடுப்பது பல இடங்களில் கைகொடுக்கும். ஆனால் 'கோட்டை அழகாக இருக்கிறது' என்பதை மொழிபெயர்க்கும் பிள்ளை, 'ஆக' இருக்கிறதே என்று 'த ஃபோர்ட் லுக்ஸ் பியூட்டிஃபுலி' என்று எழுதிவிடுகிறது. அங்கே 'லுக்ஸ்' கோட்டையின் செயலைச் சொல்லவில்லை, கோட்டையையும் அதன் தன்மையையும் இணைக்கிறது. எனவே 'பியூட்டிஃபுல்' என்ற அட்ஜெக்டிவ்தான் வர வேண்டும். சாப்பாடு நன்றாக இருந்தால் 'த ஃபுட் இஸ் குட்', அதைச் சமைத்தவர் நன்றாகச் சமைத்தால் 'ஹீ குக்ஸ் வெல்'. நான் திருத்தும் நோட்டுகளில் அதிகம் சுழிக்க வேண்டியிருப்பது இந்த இடத்தைத்தான்.

உரிச்சொல்லை அப்படியே அட்ஜெக்டிவ் என்று பெயர்மாற்றுவதும் சரியன்று. மிகுதியாகத் தின்றான் என்ற பொருளில் 'சாலத் தின்றான்' என்று உரிச்சொல் வினையோடும் சேர்ந்து வரும். அட்ஜெக்டிவுக்கு அந்த உரிமை இல்லை.

'லி' என்று முடிவதெல்லாம் அட்வெர்ப் என்னும் குறுக்குவழியும் கவிழ்த்துவிடும். 'ஃப்ரெண்ட்லி', 'காஸ்ட்லி' இரண்டும் அட்ஜெக்டிவ்கள். 'ஃபாஸ்ட்' அட்வெர்ப்பாகவும் அப்படியே நிற்கும், 'ஃபாஸ்ட்லி' என்று நீட்டக் கூடாது. 'ஹார்ட்லி' இன்னும் விபரீதமானது: கடுமையாக உழைக்கும் தம்பியைப் பாராட்ட நினைத்து 'ஹீ ஹார்ட்லி வொர்க்ஸ்' என்று எழுதினால், அவன் வேலையே செய்வதில்லை என்றாகிவிடும்.

ப்ரிப்போசிஷனுக்கும் கன்ஜங்ஷனுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வேலூர்க் கோட்டையிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. மீரட்டில் தொடங்கிய 1857 கிளர்ச்சிக்கு முன்பே, 1806 ஜூலை 10 அன்று இங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 'வேலூர் ரோஸ் பிஃபோர் 1857' என்றால், பின்னால் வருவது வெறும் ஆண்டு, 'பிஃபோர்' ப்ரிப்போசிஷன். 'வேலூர் ரோஸ் பிஃபோர் மீரட் ரோஸ்' என்றால், பின்னால் எழுவாயும் வெர்ப்பும் கொண்ட முழு உறுப்பு வருகிறது. அப்போது பள்ளி இலக்கணம் அதே சொல்லைக் கன்ஜங்ஷன் என்கிறது. சொல்லை மட்டும் பார்த்து விடை எழுதிய பிள்ளை இரண்டுக்கும் ஒரே பெயர் எழுதி ஒரு மதிப்பெண்ணை இழக்கிறது.