மலைச்சாலைச் சரிவில் பச்சை திரும்ப வேண்டுமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் கோத்தகிரிப் பக்கம், சாலை அகலப்படுத்த வெட்டிய ஒரு சரிவில் இளைஞர்கள் சிலர் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். 15 வருடத்துக்கு முன் நான் செய்த அதே வேலை, அதே தவறு. தண்ணீர் ஊற்றுவது, மாடு மேயாமல் பார்ப்பது எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மேல்மண்ணைப் பள்ளத்தில் தள்ளுவது

இதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. பொக்லைன் முதலில் வழித்தெடுப்பது ஒரு சாண் கறுப்பு மண்ணை. புல்வேர், கிழங்கு, வருடக்கணக்கில் உதிர்ந்த விதை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதைப் பள்ளத்தில் கொட்டி, கீழே நன்றாக இருந்த செடிகளையும் மூடிவிட்டு, அடியிலிருந்து வந்த வெறும் செம்மண்ணில் நாற்று நடுகிறோம்.

என் முதல் சரிவில் குழிக்குக் குழி எரு போட்டு நட்டேன். ஐப்பசி மழையில் பாதி நாற்று மண்ணோடு இறங்கிவிட்டது. மிச்சத்தைப் பிடுங்கிப் பார்த்தால், தொட்டிச்செடி மாதிரி வேர் குழிக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. அதே சாலையில் கொஞ்ச தூரத்தில், அள்ளாமல் விட்டுப்போன மேல்மண் குவியல் ஒன்று. யாரும் எதையும் நடவில்லை. அடுத்த ஆடியில் அதன்மேல் எலுமிச்சைப்புல், பெரணி, தவிட்டுப்பழக் கன்று. குந்தி உட்கார்ந்து எண்ணினேன்: ஒரு முழச் சதுரத்துக்குள் 11 வகை.

அதனால் மேல்மண்ணைத் தனியாக, இடுப்பளவுக்கு மேல் உயராமல் குவித்து வையுங்கள். உயரமாகக் குவித்தால் அடிமண் காற்றில்லாமல் புழுங்கிவிடும். செங்குத்தான இடத்தில் மண் நிற்காது. சின்னச் சின்னப் படி வெட்டி, அதில் பரப்பி, மேலே தென்னைநார் வலை போடுங்கள். ஆனி, ஆடிச் சாரலிலேயே பரப்பிவிட்டால், வடகிழக்கு மழை வருவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். 2009 நவம்பர் பெருமழையில் நீலகிரி எப்படிச் சரிந்தது என்று பார்த்தவர்களுக்கு இந்த அவசரம் புரியும்.

ஒரே புல்லை விரிப்பது

கிகுயு புல் சீக்கிரம் பச்சை காட்டும். அப்புறம் பாய் போல மூடிக்கொண்டு வேறு விதையை முளைக்கவே விடாது. வெட்டிவேர் ஆழமாக இறங்கும், ஆனால் நிழலில் நிற்காது.

விளிம்பில் சில்வர் ஓக் நடுவது

வேண்டாம். காற்றில் ஆடி விளிம்பையே நெம்பிவிடும்.

வாய்க்கால் வெட்டும் முன் செடி நடுவது

முதலில் மேலே, மழைத்தண்ணீரைத் திருப்பிவிட வாய்க்கால். அப்புறம்தான் செடி.

உண்ணிச்செடியை ஒரே நாளில் பிடுங்குவது

புதராக மண்டும் இந்தக் களையை மொத்தமாகப் பிடுங்கினால் மண்ணும் கூடவே வரும். சரிவைப் பட்டை பட்டையாகப் பிரித்து எடுங்கள். ஒன்றில் புல் பிடித்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.