அட்டை முடியப் போகுது, அப்பாயின்ட்மென்ட் இல்லை: ஜெர்மனியில் நான் செய்தது

என் வதிவிட அட்டை முடிய ஒரு மாதம்கூட இல்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தின் ஆன்லைன் காலண்டரில் ஒரு நாளும் காலி இல்லை. மெயில் போட்டால் தானியங்கிப் பதில்.

"அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும்வரை பொறு" என்றார்கள் நண்பர்கள். ஆபத்தான யோசனை! சட்டம் பார்ப்பது நேரில் போகும் தேதியை அல்ல, விண்ணப்பித்த தேதியை. வதிவிடச் சட்டம் 81-ஆம் பிரிவு, உட்பிரிவு 4: அனுமதி முடிவதற்குள் நீட்டிப்பு கேட்டுவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி செல்லும். வேலையும் பார்க்கலாம்.

படிவம், பாஸ்போர்ட் நகல், வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், மருத்துவக் காப்பீட்டுச் சான்று எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரசீதைப் பத்திரப்படுத்தினேன், அனுப்பிய தேதிக்கு அதுதான் சாட்சி. கூடவே, 'ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்' என்ற தற்காலிகச் சான்று வேண்டும் என்று எழுதி, கம்பெனி எச்ஆர் அந்தச் சான்றைக் கேட்டு எழுதிய கடிதத்தையும் இணைத்தேன். இந்தக் கடிதம்தான் வேலை செய்தது என்பது என் ஊகம்.

சான்று வந்ததும் உள்ளே எந்தக் கட்டத்தில் டிக் என்று பாருங்கள். உட்பிரிவு 4 என்றால் ஊருக்குப் போய்த் திரும்பலாம். 3 என்றால் வெளியே போனால் அதை வைத்துத் திரும்ப நுழைய முடியாது. எனக்கு 4. அதைப் பார்த்த பிறகுதான் சென்னைக்கு டிக்கெட் போட்டேன். விமான கவுன்ட்டரில் இந்தத் தாளைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய அட்டையையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்தே நீட்டுங்கள்.