குன்னூர் குளிரில் மிளகாய் காய்த்தது இப்படித்தான்

குன்னூரில் சில்வர் ஓக் மர நிழல் விழும் கொல்லையில் மிளகாய்ச் செடி தளதளவென்று வளர்ந்தது. பூ மட்டும் நிற்கவில்லை. காம்பு மஞ்சளாகி, தொட்டாலே உதிர்ந்தது. இரவில் 15 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக உருவாகாது. நிழலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

செடியை வேர்மண்ணோடு பெயர்த்து 12 அங்குலக் கறுப்புத் தொட்டியில் வைத்து, தெற்குப் பார்த்த சுவரோரம் நகர்த்தினேன். அங்கே 6 மணி நேரம் வெயில் கிடைக்கும். பகலில் சூடான சுவர் முன்னிரவிலும் கதகதப்பு தரும். கலவை: செம்மண் 2 பங்கு, மணல் 1, மண்புழு உரம் 1. யூரியாவை அடியோடு நிறுத்தினேன், தழைச்சத்து கூடினால் இலைதான் பெருகும். மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் காலையில். குளிரில் ஈரம் தேங்கினால் வேர் அழுகிவிடும். மகரந்தம் உதிர்ந்து சூலகமுடியில் சேர, காலை 10 மணிவாக்கில் பூக்களை விரலால் மெல்லச் சுண்டிவிட்டேன். ஏப்ரலில் பிஞ்சு நின்றது.