ஓவர்கிளாக் மதர்போர்டு: ஹீட்சிங்க்கைப் பார்த்து மயங்கி, எல்எல்சியில் கோட்டைவிடாதீர்கள்

ப்ராசஸரை நிர்ணயித்த வேகத்துக்கு மேலே ஓட்ட, அதாவது ஓவர்கிளாக் செய்ய, உச்ச ரக போர்டு ஒன்று வெளியானால் பேச்சு எப்போதும் ஒரே பாதையில்தான் போகும். எத்தனை ஃபேஸ் (ப்ராசஸருக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் கிளை), ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர், ஹீட்சிங்க் எவ்வளவு கனம், ஹீட் பைப் உண்டா, அந்தக் குட்டி விசிறி எதற்கு? போர்டு கைக்கு வந்தபின் நடக்கும் சேதத்துக்கும் இவற்றுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருப்பதில்லை. பழைய ஆட்கள் பழைய சாக்கெட்டில் செய்து கெடுத்ததை, புதியவர்கள் புது சாக்கெட்டில் அச்சுமாறாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பிளாஸ்டிக் உறையை உரிக்காமல் எம்.2 ஹீட்சிங்க்கைப் பூட்டுவது, சிபியு பவர் கேபிளை மறப்பது போன்றவற்றை விட்டுவிடலாம். அவை முதல் நாளே காட்டிக்கொடுத்துவிடும். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் அரிப்பவைதான் இங்கே பேச்சு, முக்கியமாக லோடில் வோல்டேஜ் இறங்குவதை ஈடுகட்டும் எல்எல்சி செட்டிங்.

விஆர்எம் சூட்டைப் பற்றிய வீண் கவலை

விஆர்எம் என்பது மின்சாரத்தை ப்ராசஸருக்கு ஏற்ற வோல்டேஜுக்கு இறக்கித் தரும் போர்டின் பகுதி. கணக்கு எளிது. 1.2 வோல்ட்டில் 300 வாட் இழுக்கும் ப்ராசஸருக்கு 250 ஆம்பியர் போக வேண்டும். 20 ஃபேஸ் போர்டில் அது ஃபேஸுக்கு 12.5 ஆம்பியர். அங்கே உட்கார்ந்திருப்பதோ 90, 105, 110 ஆம்பியர் என்று மதிப்பிட்ட பவர் ஸ்டேஜ்கள், அதாவது ஒவ்வொரு ஃபேஸிலும் கரண்டைக் கையாளும் சிப்கள். பத்தில் ஒரு பங்கு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது என்று வைத்தாலும், மொத்தம் 33 வாட் அளவுதான். அதுவும் இருபது இடங்களில் பரவி வருகிறது. ஒழுங்காக ஃபின் வெட்டிய அலுமினியக் கட்டி அதைச் சிரமமில்லாமல் வெளியேற்றிவிடும். விஆர்எம்முக்கு வாட்டர் பிளாக் போடுவது அழகுக்காக என்றால் சரி. வேகம் ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட ஏறாது.

பார்க்க வேண்டியது காற்றை. டவர் கூலர் இருந்தால் அதன் விசிறிக் காற்றில் கொஞ்சம் சாக்கெட்டைச் சுற்றியும் ஓடும். ஏஐஓ எனும் தண்ணீர்க் கூலரைப் போட்டு ரேடியேட்டரை முன்பக்கம் மாட்டினால் அந்தப் பகுதி காற்றே போகாத மூலையாகிவிடும். கேஸின் பின்பக்கத்தில் ஒரு 120 மிமீ விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதும். அரை மணி நேர முழு லோடுக்குப் பிறகும் விஆர்எம் 90 டிகிரியைத் தாண்டவில்லையா? அதை மறந்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

எல்எல்சியை உச்சத்தில் வைப்பது

எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாத விஷயம் இது.

காட்சி எப்போதும் ஒன்றுதான். பயாஸில் 1.35 வோல்ட் கொடுக்கிறார் ஒருவர். டெஸ்ட் ஓட்டினால் 1.2-க்கும் கீழே இறங்குகிறது. இத்தனை விலை கொடுத்து வாங்கிய போர்டு வோல்டேஜைப் பிடித்து நிறுத்தவில்லையே என்று அவருக்குக் கோபம். லோட்லைன் கேலிபரேஷனை, அதாவது எல்எல்சியை, உச்சத்துக்கு ஏற்றுகிறார். கோடு கிழித்தாற்போல 1.35 நிற்கிறது. ஸ்கிரீன்ஷாட் போடுகிறார், பாராட்டும் வருகிறது. சில மாதம் கழித்து அதே செட்டிங்கில் கேம் திறந்தால் நீலத்திரை. இன்னும் 0.02 வோல்ட் கூட்டுகிறார். அதற்கப்புறம் இன்னொரு 0.02.

அந்த இறக்கம் போர்டின் குறை இல்லை. வேண்டுமென்றே வைத்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை ஐ9-களுக்கு லோட்லைனின், அதாவது கரண்ட் ஏற ஏற வோல்டேஜ் இறங்கும் சரிவின், உச்ச வரம்பு 1.1 மில்லி ஓம். அதையே வைத்தால் 200 ஆம்பியர் ஓடும்போது 0.22 வோல்ட் இறங்கும்: 1.35 கொடுத்தால் லோடில் 1.13. லோட் சட்டென்று 20 ஆம்பியருக்கு விழுந்தால் வோல்டேஜ் 1.33 பக்கம் ஏறி நிற்க வேண்டும். இங்கேதான் சூட்சுமம். விஆர்எம் காயில்களில் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் நினைத்த மாத்திரத்தில் நிற்காது. மிச்சம் முழுவதும் கப்பாசிட்டர்களில் போய்க் கொட்டும், வோல்டேஜ் ஒரு கணம் மேலே துள்ளும். துள்ளல் 1.13-இலிருந்து கிளம்பினால் அதற்கு மேலே 0.2 வோல்ட்டுக்கு இடம் இருக்கிறது, நீங்கள் கொடுத்த 1.35-க்குள்ளேயே அடங்கிவிடும். எல்எல்சியைத் தட்டையாக்கிவிட்டால் 1.35-இலிருந்தே கிளம்பும். மேலே எவ்வளவு போனாலும் அது முழுவதும் நீங்கள் கேட்காத வோல்டேஜ், ப்ராசஸரின் தலையில் நேராக இறங்குகிறது.

லோட் ஏறும்போது இதன் தலைகீழ் நடக்கும். வோல்டேஜ் ஒரு கணம் பள்ளத்தில் விழும், தட்டையான எல்எல்சியில் ஊசலாடியபடிதான் திரும்ப மேலே வரும். இத்தனை செய்தும் நிலைத்தன்மை கிடைக்காமல் போவது இதனால்தான். உங்கள் மானிட்டரிங் மென்பொருள் நொடிக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கிறது, இந்தக் கூத்தெல்லாம் மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடுகிறது. மல்டிமீட்டரும் சராசரியைத்தான் சொல்லும். ஆஸிலோஸ்கோப் வைத்தவருக்கு மட்டுமே தெரியும். திரையில் நேர்கோடு தெரிகிறது என்பது ஒன்றுக்கும் சான்று இல்லை.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. ஏசஸ் போர்டுகளில் லெவல் எண் கூடக் கூட எல்எல்சி வலுக்கும். எம்எஸ்ஐ, அஸ்ராக் போர்டுகளில் தலைகீழ், 1 என்பதுதான் உச்சம். கிகாபைட்டில் எண்ணே கிடையாது, டர்போ, எக்ஸ்ட்ரீம் என்று பெயர்கள். வேறு நிறுவன போர்டுக்கு எழுதிய வழிகாட்டியைப் பார்த்து லெவலை அப்படியே காப்பி அடித்தால், மிதமாக வைக்க நினைத்தவர் உச்சத்தில் போய் நிற்பார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எல்எல்சியை நடுவில் வையுங்கள். வேகத்தை ஓர் எண்ணில் நிலையாக வைத்து, சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிடம் ஓட்டி, லோடில் நிற்கும் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்தான் உங்கள் நிஜ வோல்டேஜ். போர்டில் டை சென்ஸ் அளவீடு (சிப்பிலேயே எடுப்பது) இருந்தால் அதையே பாருங்கள், சாக்கெட்டுக்குப் பின்னால் அளக்கும் எண் லோடில் வேறாகக் காட்டும். நிலைக்கவில்லை என்றால் பயாஸ் வோல்டேஜை 0.01 வோல்ட் வீதம் கூட்டுங்கள், எல்எல்சியில் கை வைக்காதீர்கள். 1.4-ஐத் தாண்டிக் கொடுத்தால்தான் நிற்கும் என்ற நிலை வந்தால் 100 மெகாஹெர்ட்ஸைக் குறையுங்கள். கேமில் அந்த 100 உங்கள் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. கடைசியாக, சீராக ஓடும் டெஸ்டோடு முடித்துவிடாதீர்கள். ஒய்-க்ரஞ்சர் போல ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, லோடை ஏற்றி இறக்கும் டெஸ்ட்தான் எல்எல்சியைச் சோதிக்கும்.

ஆட்டோ பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

பார்த்துக்கொள்ளாது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சாக்கெட்டோடு கருகிய படங்கள் வந்தது நினைவிருக்கும். எக்ஸ்போவை, அதாவது ரேமை வேகமாக ஓட்டும் ஏஎம்டி செட்டிங்கை, இயக்கியதும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜைத் (ப்ராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) தாமாகவே தூக்கிவிட்டன. ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் வரம்பு போட்டு அஜீசா (பயாஸின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வெளியிட வேண்டியதாயிற்று. 2024-இல் இன்டெலின் முறை. 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் அதிக வோல்டேஜால் தேய்ந்துபோக, ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோடு (ப்ராசஸரின் உள் கட்டளைத் தொகுப்பு) 1.55-க்கு மேல் வோல்டேஜ் கேட்பதைத் தடுத்தது. ஏற்கெனவே தேய்ந்ததை அது சரிசெய்யாது. தவிர, அது கட்டுப்படுத்துவது ப்ராசஸர் கேட்கும் வோல்டேஜை. எல்எல்சி துள்ளல் அதன் கணக்கிலேயே வராது.

எக்ஸ்எம்பி (இன்டெலின் அதே வகை செட்டிங்) அல்லது எக்ஸ்போவை இயக்கியவுடன் பயாஸுக்குத் திரும்பிப் போய் எஸ்ஓசி, இன்டெலில் அதற்கு ஈடான சிஸ்டம் ஏஜென்ட் வோல்டேஜ்களைப் படித்துப் பாருங்கள். இன்டெலில் அடாப்டிவ் வோல்டேஜ் வைப்பவர்கள் ஏசி லோட்லைனையும் (எவ்வளவு இறக்கம் வரும் என்று ப்ராசஸருக்குச் சொல்லும் எண்) பாருங்கள். எல்எல்சி வலுவாகவும் ஏசி லோட்லைன் 1.1 மில்லி ஓமிலும் இருந்தால், நடக்காத இறக்கத்துக்கு ஈடாக ப்ராசஸர் கூடுதல் வோல்டேஜ் கேட்டுக்கொண்டே இருக்கும்.

தெர்மல் பேடை மாற்றுவது

விஆர்எம்முக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே இருக்கும் பேடைத் தூக்கி எறிந்துவிட்டு விலை கூடியதைப் போடும் ஆசை பலருக்கு. தடிமன் மாறினால் கதை முடிந்தது. தடித்த பேட் ஹீட்சிங்க்கைத் தூக்கி நிறுத்தும், ஓரத்தில் இருக்கும் சில பவர் ஸ்டேஜ்கள் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். மெல்லியது போட்டால் எதையும் தொடாது. பழைய பேட் அமுங்கியிருக்கும், அதை அளந்து வாங்காதீர்கள். புதியதைப் போட்டுத் திருகுகளை முழுதாக இறுக்கி, மறுபடி கழற்றி, ஒவ்வொரு ஸ்டேஜின் தடமும் பதிந்திருக்கிறதா பாருங்கள். பேடுக்குப் பதில் பேஸ்ட் தடவுவது வேண்டவே வேண்டாம், அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது.

சில்லரில் தண்ணீரைக் குளிர்விப்பது

அறை 30 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் பனி பூக்கும் புள்ளி சுமார் 24 டிகிரி. தண்ணீர் அதற்குக் கீழே போன நிமிடத்தில் சாக்கெட்டைச் சுற்றி வியர்க்கும். போர்டின் பின்பக்கமும் வியர்க்கும், அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஈரம் தடுக்கும் காப்புறை போடாதவர் தண்ணீரைப் பனிப்புள்ளிக்கு இரண்டு மூன்று டிகிரி மேலேயே நிறுத்த வேண்டும்.

கான்டாக்ட் ஃப்ரேமை மூச்சுப்பிடித்து இறுக்குவது

ப்ராசஸரைச் சாக்கெட்டில் அழுத்திப் பிடிக்கும் சட்டம் இது. அளவுக்கு மீறி இறுக்கினால் ஒரு ரேம் சேனல் காணாமல் போகும். திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கி, தடை தெரிந்ததும் நிறுத்துங்கள்.

இரண்டாவது 8 பின்

சிபியு பவருக்கான இரண்டாவது கேபிள் இது. பிஎஸ்யுவில் (பவர் சப்ளையில்) இருந்தால் செருகுங்கள். இல்லையென்றால் அடாப்டர் தேடி அலையாதீர்கள்.

வேறு பிஎஸ்யுவின் மாடுலர் கேபிள்

சொருகினால் பொருந்தும், ஆனால் பாகங்களை எரித்துவிடும்.

ஸ்லோ மோட் சுவிட்ச்

போர்டு ப்ராசஸரை 800 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் விடவில்லை என்று திருப்பி அனுப்புவதற்கு முன், ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்சைப் பாருங்கள். திரவ நைட்ரஜன் ஊற்றுபவர்கள் பெஞ்ச்மார்க் முடிந்ததும் வேகத்தைத் தணிக்க வைத்தது. கேபிள் சொருகும்போது விரல் பட்டாலே நகர்ந்துவிடும்.